மெழுகுக்கு கேன்சர் வராது

எங்கள் எக்ஸ்ரே டெக்னீசியன்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பெண் குரல் செய்தி போட்டிருந்தாள். என்னிடம் வேலை பழகியவள். அவள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் மேமோகிராம் மிஷின் தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறதாம். மெழுகுக் கட்டையை வைத்துப் பொத்தானை அமுக்கினால் போதுமாம். அதுவே எண்ணி, அதுவே மார்க் போட்டு, பச்சை எழுத்தில் 'பாஸ்' என்று காட்டிவிடுகிறதாம். "இனிமே கண்ணை உருட்டிக்கிட்டு உக்கார வேண்டாம்க்கா. உங்க காலத்துத் தொல்லை ஒழிஞ்சுது" என்று சிரித்தாள். கீழே ஆளாளுக்குக் கும்பிடும் கைதட்டலும் போட்டிருந்தார்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. தனக்குத் தானே பாஸ் போட்டுக்கொள்வது பெரிய கண்டுபிடிப்பா? எங்கள் ஆஸ்பத்திரியில் மிஷின் இல்லாமலே அதைச் செய்துகொண்டிருந்தோம். குழுவில் பதில் அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நயமாக இருக்காது. நடந்தது இருக்கும்.

நான் படித்தது திருநெல்வேலியில் எக்ஸ்ரே டிப்ளமா. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடைந்த காலை எந்தக் கோணத்தில் வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். உடைந்த காலோடு வரும் சொந்தக்காரர்களை எப்படி வெளியே தள்ளுவது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அதைத் தென்காசியில் வேலைக்குச் சேர்ந்து நானாகக் கற்றுக்கொண்டேன். சீசனில் குற்றாலத்துப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் வருவார்கள். சீசன் முடிந்தால் தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். பாறையில் விழுந்தவர்கள் எல்லோரும் "தண்ணி வேகம்" என்பார்கள். எந்தத் தண்ணி என்று நான் கேட்டதில்லை, வாசனையே சொல்லிவிடும். இப்படியே பல வருடம் எலும்பு எடுத்தேன்.

பிறகு இலஞ்சிப் பக்கம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் தன் அம்மா நினைவாக அங்கே மேமோகிராம் மிஷின் வாங்கிக் கொடுத்தார். மிஷினைவிடப் பெரிதாக அம்மா படம் அறையில் மாட்டப்பட்டது. படத்துக்குத் தினம் பூ உண்டு. மிஷினைத் துடைக்க நல்ல துணி வேண்டுமென்று நான் கேட்டேன். கிழிந்த பெட்ஷீட் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேமோகிராம் என்றால் மார்பை எடுக்கும் எக்ஸ்ரே. கீழே படம் பிடிக்கும் பலகை. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தட்டு. இரண்டுக்கும் நடுவில் மார்பை வைத்து அழுத்தி எடுப்போம். வலிக்கும். வலிக்காது என்று சொல்லும் டெக்னீசியன் பொய் சொல்கிறாள். அவ்வளவு வலியைக் கொடுத்து எதைத் தேடுகிறோம்? கைக்குத் தட்டுப்படும் கட்டியை மட்டும் அல்ல. கைக்குத் தட்டுப்படுவதற்கு ரொம்ப முன்னாலேயே சில பேருக்கு உள்ளே சுண்ணாம்புத் தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழும். தூள் உப்பைவிடச் சின்னது. அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் அந்தப் பெண் பேரன் பேத்தி பார்ப்பாள். அந்தத் தூளைக் காட்டாத மிஷின், வலியை மட்டும் கொடுக்கும் மிஷின்.

காட்டுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் மெழுகுக் கட்டை. ஃபேன்டம் என்பார்கள். உள்ளங்கை அகலத்தில், அழுத்தின மார்பின் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே மெழுகு. மெழுகுக்குள் நைலான் நூலும், வெள்ளைப் பொடிக் குவியல்களும், சின்னச் சின்னக் கட்டிகளும் புதைத்திருக்கும். ஒவ்வொரு வகையும் பெரிதிலிருந்து பொடிசாக இறங்கிக்கொண்டே போகும். அதைப் படம் எடுத்து, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ண வேண்டும். நூல் நாலு, பொடி மூன்று, கட்டி மூன்று. இதற்குக் குறைந்தால் மிஷினை நிறுத்த வேண்டும். வாரம் ஒரு தடவை, முதல் ஆளை எடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கட்டை மாறாது. வாரா வாரம் அதே கட்டை. எந்த மூலையில் எது இருக்கிறது என்று மனசுக்குப் பாடமாகிவிடும். பாடமானதும் கண் பார்ப்பதை நிறுத்திவிடும். படத்தில் பொடி இல்லாவிட்டாலும் கண் அங்கே பொடியைத் தூவிக்கொள்ளும். யாராக இருந்தாலும் இதுதான் நடக்கும். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். திரையில் படத்தைத் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ திருப்பிப் போட்டுவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் எண்ணுவேன். "முப்புடாதி அக்கா டெஸ்ட் பண்ணுதாங்க" என்றால் டீக்கடைக்குப் போயிருக்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் அர்த்தம்.

இனி எங்கள் டாக்டர். அவரை நமச்சிவாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு எழுதுகிறவர். கெட்டிக்காரர். கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். ஒரு பெண்ணின் படம் வந்தால் முதலில் அறை விளக்கை அணைப்பார். செல்போனை என் கையில் கொடுத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு படத்தைப் பெரிதாக்கி, வயலில் களை பார்க்கிறவர் மாதிரி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெதுவாகப் போவார். அப்போது எவன் கதவைத் திறந்தாலும் "வெளிய" என்று ஒரு சொல் வரும். அம்மா படத்துக்குப் பூ போட வந்தவனும் தப்பியதில்லை.

அதே மனிதர் மெழுகுக் கட்டையின் படத்தை எப்படிப் பார்ப்பார் தெரியுமா? வாசலில் நின்று. கையில் வடை. அறை விளக்கு முழுசாக எரியும். அந்த வெளிச்சத்தில் திரையில் அவருடைய வழுக்கைதான் தெரியும். "நாலு, மூணு, மூணு. போட்டுரு" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார்.

ஒரு சீசன் முழுவதும் எனக்கும் அவருக்கும் இதே பேச்சு.

"சார், மூணாவது பொடி தெரியல."

"அங்கனதான இருக்கு. இடது பக்கம், நூலுக்குக் கீழ."

"அங்கன இருக்குன்னு எனக்கும் தெரியும் சார். படத்துல தெரியல."

"முப்புடாதி, மெழுகுக்கு கேன்சர் வராதும்மா. வெளிய ஆளுக உக்காந்திருக்கு. அவுகளைப் பாப்போம்."

கேட்கிறவர்களுக்கு இது கருணை மாதிரி இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் 'பெயில்' என்று எழுதுவேன். அவர் கீழே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பெரியவர் கையெழுத்துத்தான் செல்லும்.

மிஷின் ஏன் மங்கியது என்று எனக்குத் தெரியும். காரணம் எங்கள் செயலாளர் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரியையும் ஸ்டேஷன் மாதிரியே நடத்தினார். உள்ளே நுழைகிற எல்லோரையும், நோயாளி உட்பட, ஏதோ செய்துவிட்டு வந்தவர்கள் மாதிரிதான் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவரே ஒவ்வொரு அறையாகப் போய் ஏசியை அணைப்பார். மேமோகிராம் அறை ஏசியையும் சேர்த்து. கீழே இருக்கும் படம் பிடிக்கும் பலகை ராத்திரி பகல் எந்நேரமும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டால் கெட்டுவிடும். ஒரேயடியாகக் கெட்டால் புண்ணியமாகப் போகும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குருடாகும்.

"அண்ணாச்சி, அந்த ரூம்பு ஏசியை மட்டும் அணைக்காதீங்க."

"ஏம்மா, வெளிய சாரல் அடிக்கு. எங்கெங்க இருந்தோ கார் பிடிச்சு இந்தக் காத்துக்கு வருதான். நீ இங்கன உக்காந்துகிட்டு ஏசி கேக்க?"

"எனக்கு இல்ல அண்ணாச்சி. மிஷினுக்கு."

"மிஷினுக்கு வேர்க்குமா?"

சுற்றி நின்ற ஊழியர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அண்ணாச்சிக்குப் பிடிக்காது.

புரட்டாசியில் இரண்டாவது பொடியும் மங்க ஆரம்பித்தது. நான் விடாமல் கத்தினேன். கடைசியில் கம்பெனி இன்ஜினியரை வரச்சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அதுவும் எனக்காக இல்லை. முகாமுக்காக. அந்த மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று உலகம் முழுக்க ரோஸ் கலர் கட்டுகிறார்கள், நாமும் கட்ட வேண்டும் என்று செயலாளருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ரோஸ் பந்தல், ரோஸ் பலூன், ரோஸ் பொன்னாடை. மேடையில் பேசப்போகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். செயலாளர் பேச்சை என் முன்னால் ஒத்திகை பார்த்தார். 'மார்பு' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "தாய்மார்களுக்கு அந்த இடத்தில் வரும் அந்த நோய்" என்றார். கேட்கிறவர்கள் மூலம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு என்னோடு சில நாள் பேசவில்லை.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. நான் நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் எல்லா மிஷினுக்கும் பூஜை நடந்தது. மேமோகிராம் மிஷினுக்குச் செயலாளரே தன் கையால் திருநீறு குழைத்து, அழுத்தும் பிளாஸ்டிக் தட்டின் மேல்பக்கம் பட்டை போட்டிருக்கிறார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. பூஜை முடிந்ததும் துண்டால் துடைத்துவிட்டார்களாம். நானும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே கிளம்பாதவள்தான். ஆனால் திருநீறு சுண்ணாம்புச் சத்து நிறைந்த சாம்பல். எக்ஸ்ரேயில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். சாமிக்கு அது தெரியும். செயலாளருக்குத் தெரியாது.

விடுமுறை முடிந்து ஆஸ்பத்திரி திறந்த அன்று நான் வரவில்லை. எலும்பு எக்ஸ்ரே பக்கம் இருந்த பெண்ணை என் இடத்தில் போட்டிருந்தார்கள். அன்று மேமோகிராமுக்கு ஒரே ஒருத்திதான் வந்திருந்தாள். கடையநல்லூர் மைமூன். நாற்பது வயது தாண்டியவள். வீட்டுக்காரர் சவூதியில். அவளுடைய அம்மா இதே நோயில் செத்துப்போனவள். அதனால் யாரும் சொல்லாமலே, தானாகப் பஸ் ஏறி வந்தவள். நான் பார்த்த பெண்களில் வலி, கட்டி எதுவும் இல்லாமல் தானாக வந்த ஒருத்தி அவள்தான். அந்த எக்ஸ்ரே பெண் மேல் தப்பு இல்லை. தோலில் படும் அடிப்பக்கத்தை ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்துத்தான் எடுத்திருக்கிறாள். திருநீறு இருந்தது மேல்பக்கம்.

வலது மார்பின் படத்தில் வெள்ளைப் புள்ளிகள். சிதறலாக அல்ல, ஒரே கோட்டில். புள்ளிகள் கோடாக விழுந்தால் ரொம்பச் சந்தேகப்பட வேண்டும் என்றுதான் பாடம். டாக்டர் விளக்கை அணைத்து, கண்ணாடியைத் துடைத்து, முறையாகப் பார்த்திருக்கிறார். முறையாகவே எழுதியிருக்கிறார்: சந்தேகம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

மறுநாள் காலை நான் வந்தேன். இது எதுவும் எனக்குத் தெரியாது. வழக்கம்போல் முதல் ஆளுக்கு முன்னால் மெழுகுக் கட்டையை வைத்துப் படம் எடுத்தேன். படம் வரும்போதே டாக்டர் வடையோடு வாசலில் நின்றார்.

"ஏ முப்புடாதி! பொடி பளிச்சுனு இருக்கே!"

உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. வாரக்கணக்கில் காணாமல் போனது வாசலிலிருந்தே தெரிந்தது. அதற்குள் செயலாளரும் வந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? பூஜை போட்டதும் மிஷின் முழிச்சிக்கிட்டு. நீ என்னமோ பலகை போச்சு, பலகை போச்சுன்னு ஒப்பாரி வச்ச."

அங்கேயே நின்று இன்ஜினியருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனியை ஜெயித்த சந்தோஷம் முகத்தில்.

நான் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், பொடி மெழுகுக்கு உள்ளே மட்டும் இல்லை. கட்டையின் ஓரத்தைத் தாண்டி, ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்திலும் ஓடியது. மூன்று கோடாக. விரல் அகலத்தில். மெழுகுக்கு வெளியே பொடிக்கு என்ன வேலை? நிமிர்ந்து தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். துண்டால் துடைத்தது போக, கீறல்களில் ரவை ரவையாகத் திருநீறு ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர் நெற்றியில் தினம் பார்க்கிற அதே மூன்று கோடு.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். மறுபடி படம் எடுத்தேன். கோடு போய்விட்டது. கூடவே பொடியும் போய்விட்டது. மூன்றாவதைக் காணோம். இரண்டாவதையும் காணோம். முதல் குவியல் மட்டும் கண்புரை விழுந்த கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரிந்தது. அதாவது இந்த மிஷினுக்கு ரவை தெரியும். தூள் தெரியாது. நாங்கள் தேடுவது தூள்.

உடனே நேற்று யார் வந்தார்கள் என்று பார்த்தேன். மைமூனின் படத்தைத் திறந்தேன். கட்டையில் கோடு விழுந்த அதே இடத்தில், அதே சாய்வில், அவள் வலது மார்பிலும் மூன்றில் ஒரு கோடு. இடது பக்கத்துக்கு மிஷினை எதிர்ப்பக்கம் சாய்த்து எடுப்போம், அதில் கோடு மார்பைத் தொடாமல் விலகிப்போயிருந்தது.  டாக்டர் அறைக்கு ஓடி இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டேன்.

டாக்டருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. வடையைக் கீழே வைத்தார். "அப்போ அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதி பொய்யில்லை. "கூப்பிடு, கூப்பிடு. மறுபடி எடுத்துப் பாத்துருவோம்."

மைமூன் திருநெல்வேலி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் வந்தாள். ராத்திரி முழுக்க அழுத கண். நான் விஷயத்தைச் சொன்னேன். 

"எங்க மார்ல திருநீறா?" என்றாள். "இதை எங்க மாமியாட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவளை மறுபடி நிறுத்தி இரண்டு பக்கமும் எடுத்தேன். படம் சுத்தமாக வந்தது. ஒரு புள்ளி இல்லை.

செயலாளர் இதற்குள் அறைக்கு வெளியே வந்து நின்றார். "நார்மல்னு எழுதிக் குடுத்து அனுப்புங்க டாக்டர். பிள்ளை பயந்து போயிருக்கு. முகாம் நேரத்துல வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுரும்."

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க சார்" என்றேன்.

"ஏன்? படம் சுத்தமா இருக்கே."

"துடைச்ச பிறகு எடுத்த கட்டைப் படமும் சுத்தமாத்தான் இருக்கு. அதுக்குள்ள பொடி இருக்கு. நீங்களே வாசல்ல நின்னு எண்ணுவீங்களே, அந்தப் பொடி."

மைமூன் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏன்க்கா, நேத்து இருக்குன்னிய. இன்னைக்கு இல்லங்கிய. இப்ப நீங்க வந்து தெரியாதுங்கிய. மூணுல ஒண்ணைச் சொல்லுங்க. அவுக சவூதில டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்காக. வாங்கன்னு சொல்லவா, வேண்டாம்னு சொல்லவா?"

"தெரியாதுங்கிறதுதான் உண்மை மைமூன். இந்த மிஷினுக்குக் கண்ணு போச்சு. நேத்து காட்டுனதும் நெசம் இல்ல, இன்னைக்குக் காட்டுததும் நெசம் இல்ல. நல்ல மிஷின்ல எடுத்தாத்தான் தெரியும்."

"எங்க அம்மாக்கும் இப்படித்தான்" என்றாள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்லிச் சொல்லியே கொண்டுபோய்ச் சேத்தாங்க."  பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். என்மேல்தான் கோபம். மூன்று செய்தியில் மோசமானதைச் சொன்னது நான்தான். இருக்கு என்றால் மருந்து உண்டு. இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்?

"பாருங்க, பிள்ளையப் போட்டுக் குழப்புதா" என்றார் செயலாளர். "டாக்டர், நீங்க எழுதுங்க."

நான் டாக்டரைப் பார்த்துச் சொன்னேன்: "மெழுகுக்கு கேன்சர் வராது சார். அவளுக்கு வரும்."

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் விளக்கை அணைத்தார். செல்போனை என் கையில் கொடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மைமூனின் படத்தை அல்ல, துடைத்த பிறகு எடுத்த மெழுகுக் கட்டையின் படத்தைத் திறந்தார். அத்தனை வருடத்தில் அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை வேறு பக்கம் திருப்பச் சொன்னார். கரையிலிருந்து கரைக்குப் போனார். செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வெளிய" என்றார் டாக்டர்.

செயலாளர் வெளியே போனார். ஒரு இன்ஸ்பெக்டர் அப்படி வெளியே போய் நான் பார்த்ததில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "ஒண்ணும் தெரியலயே முப்புடாதி" என்றார். குரல் யாரோ மாதிரி இருந்தது. மைமூன் தாளில் 'இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது' என்று எழுதினார். திருநெல்வேலியில் தன்னோடு படித்த டாக்டருக்கு அவரே பேசி, அன்றே படம் எடுக்க ஏற்பாடு செய்தார். பெஞ்சுக்குப் போய் மைமூனிடம் தாளைக் கொடுத்து, "தப்பு எங்க மேலதாம்மா" என்றார். அவள் தாளை வாங்கிக்கொண்டாள். அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

மிஷின் அறையைப் பூட்டிச் சாவியை டாக்டர் தன் பையில் போட்டுக்கொண்டார். இன்ஜினியரை மறுபடி கூப்பிட்டார்கள். முகாம் நின்றுவிட்டதா என்று கேட்கிறீர்களா? பந்தல் போட்டாயிற்றே, எப்படி நிற்கும்? ஜோராக நடந்தது. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து காய் பொறுக்கும் பெண்களை வேனில் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். ஆண்கள் 'அந்த இடம்' பற்றிப் பேசினார்கள். ரிப்பன் வெட்டுவதற்காக அறையைத் திறந்து, முக்கிய விருந்தினர் மிஷினில் கைவைத்த மாதிரி போட்டோ எடுத்து, மறுபடி பூட்டினார்கள். பெண்களுக்கு இட்லியும் பலூனும் கிடைத்தன. ஒருத்திக்கும் படம் எடுக்கவில்லை. திரளான பெண்கள் பயனடைந்தார்கள் என்று மறுநாள் செய்தி வந்தது. பயனடைந்தவர் பலூன் கடைக்காரர் ஒருவர்தான். ஆனால் குருட்டு மிஷினில் அவ்வளவு பேரையும் எடுத்து, அவ்வளவு பேருக்கும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுப்பதைவிட இட்லி எவ்வளவோ மேல்.

முகாம் நடந்த மறுவாரம் மைமூன் போன் செய்தாள்.

"இருக்காம்க்கா. ரொம்பச் சின்னதாம். இப்பவே எடுத்துட்டா சரியாப் போயிருமாம்." அடுத்ததையும் சொன்னாள். "நீங்க திருநீறு பூசுன பக்கம் இல்ல. மத்த பக்கம்."

எங்கள் மிஷின் இடது மார்பில் இரண்டு நாளும் ஒன்றுமே காட்டவில்லை. முதல் நாள் 'சந்தேகம்' என்று எழுதியதும் வலது பக்கத்துக்குத்தான்.

இதைக் கேள்விப்பட்ட செயலாளர், நம்ம ஆஸ்பத்திரி பூஜைதான் அந்தப் பிள்ளையைக் காப்பாத்திச்சு என்று ஊரெல்லாம் சொன்னார். திருநீறு விழாமல் இருந்தால் அவளை நார்மல் என்று அனுப்பியிருப்பார்கள் என்பது உண்மைதான். அதனால் அவரை மறுத்துப் பேசவும் முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் உண்டு.

புதுப் பலகை வந்தது. அந்த அறை ஏசி சுவிட்சை டாக்டர் டேப் போட்டு ஒட்டினார். சீசனில் மிஷின் மங்க ஆரம்பித்ததிலிருந்து 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிய பெண்கள் எல்லோருக்கும் அவரே போன் செய்தார், மறுபடி வாருங்கள், இலவசமாக எடுக்கிறோம் என்று. செயலாளர் குதித்தார். டாக்டர் கேட்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நம்பர் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பெண்ணின் போனை அவள் வீட்டுக்காரர் எடுத்தார். கமிஷன் கடைக்காரர். "ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதான? அதுக்குள்ள என்ன முளைச்சிரும்? ஆஸ்பத்திரிக்கு ஆள் வரலியோ?" என்று வைத்துவிட்டார்.  டாக்டர் அடுத்த நம்பரைக் கேட்டார்.

பாதிப் பேர்கூட வரவில்லை. வந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. வராதவர்களுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பச்சை எழுத்தில் பாஸ் போடும் மிஷினைப் பற்றி யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு ஏன் ரத்தம் கொதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பாஸ் என்ற சொல்லை நம்பி வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள்.

மைமூன் ஆபரேஷன் முடிந்து, அடுத்த சீசனுக்கு முன்னால் ஒருநாள் காலையில் வந்தாள். தனியாக அல்ல. அவள் தெருவிலிருந்து ஆட்டோ பிடித்து ஒரு கூட்டத்தையே கூட்டி வந்திருந்தாள். எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள்.

"முதல்ல உங்க கட்டையக் காட்டுங்கக்கா."

அன்றைக்குச் சோதனை நாள் இல்லை. சொன்னேன். அவள் நகரவில்லை. கட்டையை வைத்து எடுத்துத் திரையில் போட்டு, நூல் நாலு, பொடி மூன்று, கட்டி மூன்று தெரிய வேண்டும் என்று சொன்னேன். நூலை எண்ணினாள். கட்டியை எண்ணினாள். பொடியில் ஒன்று, இரண்டு என்று வந்தவள் மூன்றாவதில் நின்றுவிட்டாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. விரலை நீட்டினேன்.

"கையைக் காட்டாதீங்க" என்றாள். "நானாப் பாக்கேன்."

கையை இழுத்துக்கொண்டேன். வெளியே பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. டாக்டர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார். அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள் கடைசியில். கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "ஏட்டி, ஒவ்வொருத்தியா வாங்க. இதுக்குக் கண்ணு தெரியுது."